சார்லட் மாநாட்டு நாட்கள், 2012: உங்கள் மனத்தில் இன்னும் நிற்கும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

ஏழாம் தெருவாசி

அந்த வாரம் ஊரில் இருந்தவர்களுக்கு வேலி, தடுப்புச்சுவர், மூடிய தெருக்கள் பற்றியெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. எனவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் தேசிய மாநாடு, வட கரோலினாவின் சார்லட் நகரமான எங்கள் ஊரில் செப்டம்பர் 4 அன்று தொடங்கியது. அதற்கு ஓரிரு நாள் முன்பு, மாலை ஆறு மணியளவில், டிரையான் தெருவிலிருந்து கிழக்கே அரங்கத்தை நோக்கிச் செல்லும் தெரு ஒன்றின் முனையில் நின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் வரை நடந்து போன பாதையில் ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு வேலி நின்றது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார் இரு கைகளிலும் மளிகைப் பைகளுடன் வந்தார். வேலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அங்கிருந்த காவலரிடம் அருகிலுள்ள குடியிருப்புப் பகுதியான ஃபர்ஸ்ட் வார்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அந்தக் காவலர் வேறு மாநிலத்துச் சீருடையில் இருந்தார். "மன்னிக்க வேண்டும் அம்மா, நான் நேற்று இரவுதான் இந்த ஊருக்கு வந்தேன்" என்றார். அதை மரியாதையாகவே சொன்னார். அவருக்கும் அது சங்கடமாக இருந்திருக்கும்.

எனக்கு வழி தெரியும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. என் முதுகில் மடிக்கணினிப் பை இருந்தது. என் கடவுச்சீட்டு புதுப்பித்தலுக்காகத் தூதரகத்துக்குப் போயிருந்தது. பை வைத்திருப்பவர்களை விசாரிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். காவலரின் கண்ணில் படாமல் நகர்ந்துவிட வேண்டும் என்பது மட்டுமே அப்போது மனத்தில் ஓடியது. அம்மையார் ஒரு பையைத் தரையில் வைத்து, விரல்களை விரித்து மடக்கி, மீண்டும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். பையின் கைப்பிடி அவர் விரல்களில் பதித்திருந்த சிவந்த கோடு இன்றும் என் நினைவில் இருக்கிறது.

வரிக்கு வரி படிப்பவர்

நண்பரே, உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் பைகளுக்கு ஒட்டுமொத்தத் தடை இருந்ததாக இங்கு பலர் தொடர்ந்து எழுதிவருவதைத் திருத்தியாக வேண்டும். 2012 ஜனவரியில் மாநகர மன்றம் நிறைவேற்றிய விதி, "அசாதாரண நிகழ்வு" என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள், ஆயுதத்தையோ தடைசெய்யப்பட்ட பொருளையோ மறைக்கும் நோக்கத்துடன் முதுகுப்பை கொண்டுவருவதைத்தான் குற்றமாக்கியது. நோக்கம் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே அடங்கியிருந்தது. நோக்கத்தை எப்படி அறிவது என்று அப்போதே குடிமக்கள் உரிமை அமைப்பினர் கேட்டார்கள், அது நியாயமான கேள்வி. மாநாட்டுக்கென்று சொல்லி வந்த விதி அதற்கு நான்கு மாதம் முன்பே, மே மாதத்தில் பெரிய நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டங்களுக்குப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

என் அனுபவம் சிறியது. மே மாதத்தில் ஒரு நாள் மதியம், கல்லூரி மாணவன் போலத் தெரிந்த ஓர் இளைஞனை நிறுத்தி அவன் பையைத் திறக்கச் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு பொருளாக நடைபாதையில் எடுத்து வைத்தான். ஒரு புத்தகம், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு ஜோடிக் காலுறை. காலுறையை வைக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் அதே அளவு பை ஒன்றை மாட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியதுதான் வேறுபாடு.

மூன்று முறை ஒன்பது மணி

தன்னார்வலர்களுக்கு 9-3-1 என்றால் என்னவென்று தெரியும்: மூன்று வேளைகளில் மொத்தம் ஒன்பது மணி நேரம் பிரசாரப் பணி செய்தால், ஒபாமா ஏற்புரை நிகழ்த்தும் இரவுக்கு ஒரு நுழைவுச் சீட்டு. கடைசி நாள் நிகழ்ச்சி பேங்க் ஆஃப் அமெரிக்கா மைதானத்தில், திறந்தவெளியில், பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும் என்ற ஒரு சொல்தான் எங்களைப் போன்றவர்களை அந்த மாநாட்டோடு கட்டிவைத்தது. எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பாட்டியை நான்தான் சேர்த்துவிட்டேன். அவர் கறுப்பினத்தவர், 1960 பிப்ரவரியில் ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழக மாணவர்கள் இந்நகரத்து உணவகங்களில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இருக்கைகளில் அமர்ந்து போராடிய காலத்தில் இதே ஊரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர். முழங்கால் வலியோடு மூன்று நாள் வந்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகத் தொலைபேசியில் அழைத்தார். என் ஒன்பது மணி நேரத்தில் பாதி, அவருக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதில் போனது.

செப்டம்பர் 5, புதன்கிழமை காலை, இடிமழை அபாயத்தால் நிகழ்ச்சி உள்ளரங்குக்கு மாற்றப்பட்டதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 65,000 பேரின் சீட்டுகள் ஒரே அறிவிப்பில் பயனற்றுப் போயின. அவரிடம் மின்னஞ்சல் இல்லாததால் செய்தியைச் சொல்ல நானே போனேன். கூடத்தில் இஸ்திரிப் பலகையை விரித்து, கருநீல உடை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. கையில் இருந்த சட்டைக் கையின் நுனிவரை மெதுவாகத் தேய்த்து முடித்து, மின்கம்பியைப் பிடுங்கி, "அப்படியா" என்றார். வியாழக்கிழமை சீட்டு வைத்திருந்தவர்களோடு ஒபாமா தொலைபேசி வழியாகப் பேசினார். அதை என் கைப்பேசியில் ஒலிபெருக்கியில் வைத்து இருவரும் கேட்டோம். அது போதவில்லை என்று நான் இன்றும் நினைக்கிறேன். பாட்டி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேகம் பார்ப்பவர்

சகோதரி, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவு தவறு என்ற தொனியை ஏற்க இயலாது. அதற்கு முந்தைய வாரம்தான் டாம்பாவில் குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் நாள், ஐசக் புயலின் அச்சுறுத்தலால் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிடப்பட்டது. திறந்த மைதானத்தில் மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். ஒருமுறை வெளியேற்றிவிட்டால், மீண்டும் ஒவ்வொருவராகச் சோதித்து உள்ளே விட மணிக்கணக்கில் ஆகும். இருக்கைகள் காலியாகக் கிடக்கும் என்ற பயத்தால்தான் மாற்றினார்கள் என்று எதிர்க்கட்சியினர் சொன்னதை இங்கும் சிலர் திரும்பச் சொல்கிறார்கள். மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே மக்களிடம் சொல்லாதது தவறு, மாற்றியது தவறில்லை.

மூன்று முறை ஒன்பது மணி

மாற்றியது தவறென்று நான் எழுதவில்லை, ஐயா. நான் இஸ்திரிப் பலகையைப் பற்றி எழுதினேன்.

மதிய உணவுக் கடை

நகர மையமான அப்டவுனில் மாமாவின் சிறு உணவுக்கடையில் அப்போது கல்லாவில் இருந்தேன். பல்லாயிரக்கணக்கான விருந்தினர் வருகிறார்கள், நகரத்துக்கே திருவிழா என்று ஒரு வருடமாகச் சொல்லியிருந்தார்கள். மாமா இன்னொரு குளிர்சாதனப் பெட்டியைக் கடனில் வாங்கினார், இரண்டு பேரைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார். நடந்தது வேறு. எங்கள் வாடிக்கையாளர்களான வங்கி ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். பிரதிநிதிகள் விடுதியிலிருந்து பேருந்தில் ஏறி அரங்கத்தில் இறங்கினார்கள். மீண்டும் பேருந்தில் ஏறி விருந்துகளுக்குப் போனார்கள். எங்கள் தெரு வேலிக்கு வெளியே அரை மைல் தொலைவில் இருந்தும், வேலி கட்டியவர்களுக்கு அது வேறு ஊராகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வெளியூர்க் காவலர்கள் ஆறு பேர் எங்கள் கடைப்படியில் நிழலுக்கு உட்கார்ந்து, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த அட்டைப்பெட்டிச் சாப்பாட்டைத் திறந்தார்கள். மாமா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பிறகு ஒரு குடம் குளிர்ந்த நீரும் ஆறு குவளைகளும் எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். அதில் ஒருவர் மட்டும் உள்ளே வந்து, தேவையே இல்லாமல் ஒரு தேநீர் வாங்கினார். அன்று மதியத்துக்கு மேல் நடந்த ஒரே விற்பனை அதுதான்.

பத்தாம் மாடி

எங்கள் கட்டடம் பாதுகாப்பு வளையத்தின் ஓரத்தில் இருந்தது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். புதன்கிழமை இரவு மருத்துவமனைக்குக் கிளம்பியபோது, வண்டி நிறுத்துமிடத்தின் வாசலுக்கு நேராக ஒரு கான்கிரீட் தடுப்பு வைக்கப்பட்டிருந்தது. ஒரு காவலர் தன் சக காவலர்களைக் கூப்பிட்டு, மணல் மூட்டைகளை நகர்த்தி, எங்கள் வண்டி போக ஓர் இடைவெளி உண்டாக்கினார். பயப்படும்படி ஒன்றும் இல்லை, குழந்தை நவம்பரில் நலமாகப் பிறந்தாள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடிவதில்லை.

ஆகவே, இத்தகைய மாநாடு வரப்போகும் எந்த நகரத்தில் இருப்பவர்களாயினும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசியச் சிறப்புப் பாதுகாப்பு நிகழ்வு என்று அறிவித்துவிட்டால், திட்டத்தின் தலைமை உங்கள் நகரக் காவல்துறையிடம் இருக்காது. தலைவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் மத்திய அரசின் ரகசியச் சேவைப் பிரிவிடம் போய்விடும். எனவே வட்டாரக் காவல் நிலையத்தில் கேட்டால் "எங்களுக்கும் தெரியாது" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. எந்தத் தெரு எப்போது அடைபடும் என்ற வரைபடத்தை மிகத் தாமதமாகத்தான் வெளியிடுவார்கள். அதுவரை காத்திருக்காமல், உங்கள் கட்டட நிர்வாகியை எழுத்து மூலம் கேள்வி கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முகவரி அச்சிடப்பட்ட அடையாள அட்டை இல்லாதவர்கள், வாடகை ஒப்பந்தத்தின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். மருந்துகளை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். பொருள் கொண்டுவரும் வண்டிகள் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும், ஆகவே கட்டில், சோபா போன்றவற்றை அந்த மாதத்தில் வாங்க வேண்டாம். வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால், அவசர ஊர்தி எந்த வாசல் வழியாக வரும் என்பதைத் தீயணைப்பு நிலையத்தில் நேரில் கேட்டு வையுங்கள். அவர்கள்தான் தெளிவாகப் பதில் சொல்வார்கள். பேருந்தில் போகிறவர்கள் தற்காலிக நிறுத்தம் எங்கே என்று ஒரு நாள் முன்னதாக நடந்து பார்த்துவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் உள்வாடகை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று படிக்காமல் அதில் இறங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் வந்து நிற்கும் காவலரிடம் முதல் நாளே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு உதவியவர், காலையில் என் மனைவி வணக்கம் சொன்னவர்தான்.

வரிக்கு வரி படிப்பவர்

பத்தாம் மாடி நண்பரின் அறிவுரை நல்லதே, ஆனால் யாரும் கேட்காததும்கூட. குடிமக்கள் இத்தனையையும் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டும் என்றால், பாதுகாப்புக்கென மத்திய அரசு கொடுத்த 5 கோடி டாலரில் ஊர்க்காரருக்கான பங்கு என்ன என்பதுதான் என் கேள்வி. 2000ஆம் ஆண்டில் 5,40,828 ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 7,31,424 ஆன ஊர் இது. வளரும் நகரம், பெரிய மேடைக்குத் தயாராகிவிட்ட நகரம் என்று உலகுக்குக் காட்டத்தான் மேயர் ஆன்டனி ஃபாக்ஸும் மற்றவர்களும் இந்த மாநாட்டைக் கேட்டு வாங்கினார்கள். செயின்ட் லூயிஸ், கிளீவ்லண்ட், மினியாபொலிஸ் ஆகியவற்றை முந்திக்கொண்டு கிடைத்த வாய்ப்பு அது. நானும் அன்று பெருமைப்பட்டேன், அதை மறுக்கவில்லை. ஆனால் தயாரானது எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அரங்கம் தயாராக இருந்தது, விடுதிகள் தயாராக இருந்தன. ஃபர்ஸ்ட் வார்டுக்குப் போகும் வழியைக் கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை.

மன்றத்துப் பார்வையாளர்

அதே கேள்விதான் 2018 ஜூலையிலும் எழுந்தது. 2020ஆம் ஆண்டுக் குடியரசுக் கட்சி மாநாட்டை ஏற்பதா என்று மாநகர மன்றம் வாக்கெடுத்த அன்று நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பலரும் அன்றைய குடியரசுத் தலைவரை வைத்தே பேசினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் சூடாகவே இருந்தன. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர், தான் பேச எழுதிவந்த தாளை எட்டாக மடித்து, விரித்து, மீண்டும் மடித்துக்கொண்டே இருந்தார். ஆறுக்கு ஐந்து என்று முடிவு வந்தபோது அந்தத் தாள் மடிப்புகளில் கிழிந்திருந்தது. அவர் எந்தப் பக்கம் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கொள்ளைநோய் வந்து, 2020 ஆகஸ்ட் 24 அன்று 336 பிரதிநிதிகள் மட்டும் இங்கே கூடி வாக்களித்துவிட்டுப் போனார்கள்.

ஏழாம் தெருவாசி

அனைவருக்கும் நன்றி. விதியில் நோக்கம் என்ற சொல் இருந்தது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்தாம் மாடி நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற காவலர்களை நான் குறை சொல்லவில்லை. நான் பார்த்த அந்த அம்மையாருக்கு வாய்த்த காவலரும் நல்லவர்தான், வழி தெரியாதவர், அவ்வளவே.

அன்று காலை நான் அலுவலகத்துக்கு வந்த வழியே போதுமானது. டிரையானில் வடக்கே நூலகத்தைத் தாண்டி, ஏழாம் தெருவில் வலப்பக்கம் திரும்பி, ரயில் தண்டவாளத்தைக் கடந்து நேராக நடந்தால் ஃபர்ஸ்ட் வார்டு. பைகளைச் சுமந்துகொண்டு நானும் கூடவே நடந்திருந்தால், பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.