புகலிட நகரங்கள்: சிறையிலிருந்து ஒருவரை விடும்போது மத்தியக் குடிவரவு அமலாக்கத் துறையான ஐஸுக்கு (ICE) சொல்ல வேண்டுமா?

கொள்ளிடத்தான் (டல்லாஸ்):
மத்தியக் குடிவரவு அதிகாரிகளுக்கு ஒத்துழைக்க மறுக்கும் ஊர்களைத்தான் புகலிட நகரங்கள் என்கிறார்கள். அவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும், வழிக்கு வராத ஊர்களுக்கு மத்திய நிதியை நிறுத்த வேண்டும் என்று 2025 ஏப்ரலில் டிரம்ப் உத்தரவு போட்டார். நம் ஆட்களில் பலர் இதைக் கொடுங்கோன்மை என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நாட்டுக்குள் யார் இருக்கலாம் என்று முடிவு செய்வது மத்திய அரசு. அந்த முடிவுக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று ஒரு நகர மன்றம் எப்படிச் சொல்லலாம்?

2015 ஜூலை 1, சான் ஃபிரான்சிஸ்கோ, பியர் 14. அப்பாவோடு நடந்துபோன 32 வயதுப் பெண் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். அதே ஆண்டு ஏப்ரலில் அந்த ஊர்ச் சிறையில்தான் இருந்தார். நாங்கள் வரும்வரை இவரைப் பிடித்து வையுங்கள் என்ற கோரிக்கையை, அதாவது டிடெய்னரை, ஐஸ் அனுப்பியிருந்தது. அந்தச் சிறையை நடத்தும் ஷெரிஃப் அலுவலகம் ஐஸுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவரை வெளியே விட்டது. ஒரு போன் போட்டிருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருப்பார். எச்-1பி வேலை விசாவில் வந்து, வரி கட்டி, கிரீன் கார்டு வரிசையில் தலை நரைக்கக் காத்திருக்கிறோம் நாம். சட்டப்படி நடப்பவனுக்கு இவ்வளவு கெடுபிடி, நடக்காதவருக்கு ஊரே பாதுகாப்பு என்றால் மனம் கொதிக்கிறது.

நெய்தல் (சான் ஹோசே):
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புகலிட நகரம் யாரையும் ஒளித்து வைப்பதில்லை. ஐஸ் அதிகாரிகள் அங்கே போய்க் கைது செய்யலாம், செய்கிறார்கள். கைதாகும் எவருடைய கைரேகையும் எஃப்பிஐக்குப் போய், அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடும். அதை நகரம் தடுக்க முடியாது. உள்ளூர்ப் போலீஸ் ஐஸின் வேலையைச் செய்யாது என்பதுதான் இந்தக் கொள்கையின் சாரம்.

இதை ஆரம்பித்தவர்களில் இடதுசாரிகள் மட்டும் இல்லை. 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சிறப்பு ஆணை 40 கொண்டுவந்தது. குடிவரவு நிலையைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் போலீஸ் யாரையும் விசாரிக்கக் கூடாது என்பது அதன் பொருள். அப்போதைய தலைமை அதிகாரி டேரில் கேட்ஸ், கடுமைக்குப் பேர்போனவர். சாட்சி சொல்ல ஆள் வராவிட்டால் கொலை வழக்கே நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் பெண்களுக்கான உதவி எண் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். கணவனுடைய விசாவில் வந்த நம் ஊர்ப் பெண்களே அவசர உதவி எண் 911ஐ அழைக்கத் தயங்குகிறார்கள். அவருக்கு வேலை போனால் என் விசாவும் போய்விடுமே என்ற பயம்தான். சட்டப்படி இருப்பவருக்கே இந்தப் பயம் என்றால், காகிதமே இல்லாதவருக்கு எப்படி இருக்கும்?

பியர் 14 வழக்கில் 2017இல் ஜூரி, துப்பாக்கி வைத்திருந்தவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. குண்டு தரையில் பட்டுத் தெறித்துப் போய்ப் பாய்ந்தது. அந்தத் துப்பாக்கி ஒரு மத்திய அரசு ஊழியரின் காரிலிருந்து திருடப்பட்டது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொள்ளிடத்தான்:
ஜூரி என்ன சொன்னது என்பது வேறு, நான் கேட்டது வேறு. அவர் அன்றைக்கு அந்த ஊரில் இருந்திருக்கவே கூடாது. போன் ஏன் போடவில்லை? இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

வழக்குரை:
சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்கு இழுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் சொன்னது. எழுதியவர் பழமைவாதி நீதிபதி ஸ்கலியா. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை ஷெரிஃப்தான் சரிபார்க்க வேண்டும் என்ற பிராடி சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு அது. அன்று பழமைவாதிகள் கொண்டாடிய அதே தீர்ப்பில்தான் இன்று சான் ஃபிரான்சிஸ்கோ நிற்கிறது. துப்பாக்கி விஷயத்தில் மாநில உரிமை, குடிவரவில் மட்டும் மத்திய உரிமை என்று பிரித்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. டிடெய்னரில் நீதிபதி கையெழுத்து இருக்காது. ஓரிகன் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுன்டி (மாவட்டம் மாதிரி), டிடெய்னரை மட்டும் காட்டி ஒரு பெண்ணைச் சிறையில் வைத்திருந்தது. அது, காரணமின்றி ஆளைப் பிடித்து வைப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு விரோதம் என்று 2014இல் நீதிமன்றம் கவுன்டியைத்தான் பொறுப்பாக்கியது. அதன் பிறகு பல கவுன்டிகள் டிடெய்னருக்காக ஆளைப் பிடித்து வைப்பதையே நிறுத்தின. இழப்பீடு அவர்கள் கஜானாவிலிருந்துதானே போகும்?

சாரல் (நியூ ஜெர்சி):
நியூயார்க்கை யாரும் பேசவில்லையே. 2022இலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து இறங்கினார்கள். டெக்சஸ் ஆளுநர் பேருந்து பேருந்தாக அனுப்பினார். இந்த விவகாரம் நகரத்தையே அழித்துவிடும் என்று 2023இல் சொன்னவர் அப்போதைய ஜனநாயகக் கட்சி மேயர் ஆடம்ஸ்தான். ஏழைகள் இருக்கும் பேட்டைகளில் வெறுப்பு கூடியதைக் கண்ணால் பார்த்தேன். வாசலைத் திறப்பது ஒரு கட்சி, செலவைச் சுமப்பது அந்தத் தெருக்காரர்.

நெய்தல்:
சாரல், அது புகலிடக் கொள்கையால் வந்தது இல்லை. வீடற்றவருக்குத் தங்க இடம் தர வேண்டும் என்று 1981 நீதிமன்ற உடன்பாடு ஒன்று நியூயார்க்கைக் கட்டிப்போட்டிருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் எல்லையில் அதிகாரிகளிடம் பதிவானவர்கள், தஞ்சம் கேட்டு வழக்கு நடப்பவர்கள். தஞ்ச மனு போட்டு 150 நாள் கழித்துத்தான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். உழைக்கத் தயாராக இருப்பவரை வேலை செய்யாதே என்று ஹோட்டல் அறையில் உட்கார வைத்தது மத்திய சட்டம்.

வன்னிக்காற்று (டொராண்டோ):
இந்த இயக்கம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1982இல் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு பிரெஸ்பிடேரியன் தேவாலயம், எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்குப் பகிரங்கமாகக் கதவைத் திறந்தது. அந்நாடுகளின் உள்நாட்டுப் போர்களில் கொலைகாரப் படைகளுக்கு ஆயுதம் கொடுத்தது வாஷிங்டன். அதனால் அங்கிருந்து ஓடி வந்தவர்களை அகதி என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனமில்லை. 1984இல் அவர்களின் தஞ்ச மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை.

எங்களுக்கு இது புதிதில்லை. இலங்கையில் கடத்தி அடிக்கப்பட்டதாகச் சொன்ன ஈழத்தமிழர் ஒருவர் 2017இல் கலிபோர்னியா எல்லையைத் தாண்டி 25 கஜத்தில் பிடிபட்டார். தஞ்சத்தை மறுத்த முடிவை ஆட்கொணர்வு மனுவில் எதிர்க்க அவருக்கு உரிமை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி வரிசையில் வா என்கிறீர்கள். அவருக்கு எந்த வரிசை இருந்தது?

கொள்ளிடத்தான்:
வன்னிக்காற்று, அவருக்குத் தஞ்சம் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது எல்லையில் நடந்தது. நான் பேசுவது வேறு குற்றத்துக்காக உள்ளூர்ச் சிறைக்கு வந்துவிட்டவரைப் பற்றி.

வழக்குரை, பிடித்து வைக்க வேண்டாம், சரி. தகவல் மட்டுமாவது சொல்லலாமே? கலிபோர்னியாவின் 2017 சட்டம் குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை, உள்ளூர்க்காரர் இன்னும் இறுக்கிக்கொள்ளலாம். சிறைக்குள் கைமாற்றினால் அந்த ஒரு ஆள்தான் போவார். நீங்கள் மறுப்பதால் ஐஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது, பக்கத்தில் நிற்கும் மைத்துனனையும் அள்ளிக்கொண்டு போகிறது. எளியவர்களைக் காப்பதாகச் சொல்லும் கொள்கை அவர்கள் தெருவுக்கே வேனை வரவழைக்கிறது.

நெய்தல்:
உங்கள் வாதங்களில் இதைத்தான் நான் மதிக்கிறேன். ஆனால் டெக்சஸில் 2017 சட்டம் ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கியதே, அங்கே வேன் வருவது நின்றதா? 2020இல் டேவிட் ஹவ்ஸ்மன் என்ற ஆய்வாளர் கவுன்டி வாரியாக ஆராய்ந்தார். புகலிடக் கொள்கை நாடு கடத்தலை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, குற்றத்தைக் கூட்டவில்லை. குறைந்தது பெரும்பாலும் எந்தத் தண்டனையும் பெறாதவர்களின் நாடு கடத்தல். வன்முறைக் குற்றவாளிகள் முன்போலவே அனுப்பப்பட்டார்கள்.

இது நம் ஆட்களுக்கு வெளியே நடக்கும் சங்கதியும் இல்லை. பியூ ஆய்வு மையத்தின் 2022 மதிப்பீட்டில் ஆவணமற்ற இந்தியர்கள் சுமார் 7.25 லட்சம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 பேரைக் கைகால் விலங்கோடு அமிர்தசரஸில் இறக்கினார்கள். எச்-1பிக்காரருக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். அறுபத்தோராம் நாள் நீங்களும் நானும் யார்?

கொள்ளிடத்தான்:
அறுபத்தோராம் நாளுக்குள் நான் விமானம் ஏறிவிடுவேன். அதைத்தான் கேட்கிறேன்.

வழக்குரை:
பியர் 14க்கே திரும்புவோம். நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பி நுழைவது கிரிமினல் குற்றம், அதற்கு நீதிபதியின் வாரண்ட் வாங்கலாம். வாரண்ட் இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோவும் ஒப்படைக்கும். அதைவிட முக்கியமானது, 2015 மார்ச் வரை அந்த ஆள் மத்தியச் சிறையில்தான் இருந்தார். அங்கிருந்து நேரே ஐஸிடம் கொடுத்திருக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது மத்திய அரசுதான்.

கொள்ளிடத்தான்:
இருபது வருஷப் பழைய கஞ்சா வழக்கைக் காட்டிக் கேட்டு வாங்கியது அந்த ஊர் ஷெரிஃப். வந்ததும் அந்த வழக்கையும் கைவிட்டார்கள். வழக்கு நடத்தும் எண்ணம் இல்லாதவர்கள் எதற்காக அந்த ஆளைக் கேட்டு வாங்கினார்கள்? வெளியே விடுமுன் திருப்பிக் கொடுக்க என்ன தடை? நெய்தல், வழக்குரை, யாராவது ஒருவர் இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.