புதுப்பிப்பு: பூனையின் ரத்தசோகை, கூம்ஸ் டெஸ்ட் முடிவு

என் பூனை மீனுவின் ஈறு வெளுத்துவிட்டது, சிவப்பணு அளவு 14 சதவீதம்தான் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"கூம்ஸ் டெஸ்ட் செய்யுங்கள், பூனைக்கான ரீஏஜென்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. சிவப்பணுக்களை உடலே தாக்குகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது; ரீஏஜென்ட் என்பது அதற்கான சோதனைத் திரவம். முதலில் டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தில் சலைன் (உப்புநீர்) கலந்து பார்த்தார். அணுக்கள் திரண்டால் அந்தச் சந்தேகம் வலுக்கும், ஆனால் திரளவில்லை. ஸ்மியரிலும் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) தெளிவில்லை. நாய்க்கு, உருண்டுபோன சிவப்பணுக்களைப் பார்த்தே இந்தத் தாக்குதலைச் சந்தேகப்படலாம். பூனையின் சிவப்பணு இயல்பிலேயே சிறியது, நடுவில் வெளிறலும் குறைவு. அதனால் பிரித்தறிவது கஷ்டம். கூம்ஸ் பாசிட்டிவ் வந்தது: சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்) ஒட்டியிருக்கிறது.

சரி, தன்னெதிர்ப்பு நோய்தான் என்று நினைத்தேன். ஆனால் பிசிஆரில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் கிருமி தெரிந்தது. அது தாக்கினாலும் கூம்ஸ் பாசிட்டிவ் ஆகலாம். ஆகவே பாசிட்டிவ் என்றதும் முடிவு கட்டிவிடாதீர்கள், கிருமிக்கும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகை தரக்கூடிய இன்னொரு கிருமியான பூனை லுகீமியா வைரஸ் நெகட்டிவ்.

டாக்ஸிசைக்ளினும் (ஆன்டிபயாடிக்) பிரெட்னிசோலோனும் (ஸ்டீராய்டு) கொடுத்தோம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் தண்ணீர் புகட்டினேன். மூன்று வாரத்தில் சிவப்பணு அளவு 29 சதவீதம். நேற்று ஜன்னல் மேல் ஏறி உட்கார்ந்தாள்.