மாடு அளவு வண்டு மூச்சு விடுமா?

கணக்குப்பிள்ளை: போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் வாசகர் கூட்டத்தில் தம்பி படித்த கதை பற்றி. உரக் கிடங்கில் ஏதோ கசிகிறது, எண்ணெய் தரும் செம்பனை மரத்தின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு மாடு அளவுக்கு வளர்ந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சூழ்கிறது. நடை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டால் எழுந்து நிற்கவே முடியாது. 5 சென்டிமீட்டர் வண்டை 2 மீட்டர் ஆக்கினால் நீளம் 40 மடங்கு, காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 1,600 மடங்கு, எடையோ 64,000 மடங்கு. கால் முறிந்துவிடும். கலிலியோ 1638-லேயே இந்தக் கணக்கை எழுதிவிட்டார்.

லயத்துப் பையன்: அண்ணே, நான் கதை எழுதினேன், பாலம் கட்டவில்லை. சுமார் 30 கோடி வருஷம் முன்னால் இறக்கையை விரித்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல் வரும் தும்பி பறந்ததே, அது மட்டும் எப்படி?

கணக்குப்பிள்ளை: அந்தக் காலத்துக் காற்றில் ஆக்சிஜன் இப்போதைய 21 விழுக்காட்டைவிட அதிகம் என்கிறார்கள். அதுவும் இறக்கைதான் நீளம், உடம்பு ஒல்லி. பூச்சிக்கு நுரையீரல் ஏது? விலாவில் உள்ள துளைகளிலிருந்து சின்னக் குழாய்கள் வழியாகக் காற்று போக வேண்டும். உங்கள் வண்டு லயத்து வாசலுக்கு வருமுன்பே மூச்சு முட்டிப் போயிருக்கும்.

செம்பனை அக்கா: நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். எங்கம்மா எஸ்டேட்டில் தூள் அடித்தவர். மகரந்தத்தை முகப்பவுடர் மாதிரி மாவில் கலந்து, முள்ளுக்கு நடுவே கையை விட்டுப் பெண் பூவில் பீச்ச வேண்டும். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளை. 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி அளவுகூட இருக்காது. அந்த வேலையை முழுக்க அதுவே எடுத்துக்கொண்டது. இதைக் கதையாக அப்போதே எழுதியிருந்தால் நீங்கள் இரண்டு பேருமே நம்பியிருக்க மாட்டீர்கள். தம்பி, வண்டைப் பெரிதாக்கினால்தான் பயமா? அந்தக் குட்டி வண்டு ஒருநாள் காலையில் பூவில் ஒன்றுகூட இல்லை என்று எழுதிப் பாருங்களேன்.

லயத்துப் பையன்: அக்கா, அது வேறு கதை, எழுதுகிறேன். ஆனால் இதில் வண்டு வேலியை இடிக்க வேண்டுமே! அண்ணே, மாடு வேண்டாம். பூனை அளவு?

கணக்குப்பிள்ளை: பூனையும் கஷ்டம்தான். ஆப்பிரிக்காவில் கோலியாத் வண்டு 10 சென்டிமீட்டர் வரை வளரும். எலி அளவுக்கு வா, பேசலாம்.