வெறும் வயிற்றில் ஓட்டம், தள்ளிப்போகும் மாதவிடாய்

கேள்வி: காலையில் கருப்பு காபி மட்டும் குடித்துவிட்டு ஓடப் போகிறேன், அப்புறம் பதினொரு மணி வரை எதுவும் சாப்பிடுவதில்லை. மாதவிடாய் தள்ளிக்கொண்டே போகிறது, வந்தாலும் லேசாகத்தான். வெறும் வயிறுதான் காரணமா?

ஓட்டக்காரி: அது மட்டும் இல்லை, நாள் முழுக்கச் சாப்பிடுவது போதுமா என்று பாருங்கள். பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் குறைவாக மிஞ்சினால், ஐந்தே நாளில், கருமுட்டை வெளியாகத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சுரக்கும் வேகம் குறைந்துவிடுகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு காட்டியது.

மலர்: ஓடும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் இட்லியும் முட்டையும். எடை குறையவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், சாப்பாடு போதாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும்.

கவிதா: மூன்று மாதம் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) எல்லாம் பரிசோதிப்பார்கள். மாத்திரை போட்டு வரவழைத்தால் மட்டும் போதாது, சாப்பாட்டையும் கூட்டுங்கள்.