பாட்டுப் பாடினால்தான் மிட்டாயா? ஒரு ஹாலோவீன் சண்டை

கிளாஸ்கோ மருமகள்:
நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனாரோடு போனில் ஒரு சின்னச் சண்டை. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று இங்கே ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதற்கு ‘கைஸிங்’ என்று பெயர். கதவைத் திறப்பவர் முன்னால் ஒரு பாட்டோ கடி ஜோக்கோ சொல்வதுதான் முறை. அதற்குப் பிறகுதான் பண்டம். முதல் வருஷம் என் மகள் ஒன்றும் தெரியாமல், நான் சோறு ஊட்டும்போது பாடும் நிலாப் பாட்டை எதிர்வீட்டுப் பாட்டியிடம் தமிழிலேயே பாடிவிட்டாள். பாட்டிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் உள்ளே போய்த் தாத்தாவைக் கூட்டிவந்து இன்னொரு தடவை பாடச் சொன்னார். கிடைத்தது ஓட்டோடு ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு சின்ன ஆரஞ்சும். “ஐயோ பாவம், இங்கே வந்தால் வாளி நிறைய சாக்லேட் வாங்குவாளே” என்கிறார் நாத்தனார். வாங்குவாள்தான். ஆனால் வாளி நிறைவதைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது? அமெரிக்கா இந்தப் பண்டிகையை மிட்டாய்க் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்பது என் கட்சி.

எடிசன்வாசி:
அக்கா, எங்கள் எடிசனும் நியூஜெர்சிதான். நான் உங்கள் நாத்தனார் பக்கம். என் பையன் ஆறு வயது வரை வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டான். இங்கே வாசலில் பிள்ளைகள் சொல்லும் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ (குறும்பா, பண்டமா?) என்ற மூன்று சொல்லைச் சொல்லவே அவனுக்கு மூன்று ஹாலோவீன் ஆனது. இதில் பாட்டு வேறா? அவனைப் பாடச் சொல்லாத தெருவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம், இதைக் கம்பெனிகள் தொடங்கவில்லை. அந்த மூன்று சொல் 1920களிலேயே கனடாப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஹாலோவீன் ராத்திரி என்றால் பையன்கள் அடுத்தவர் வீட்டுக் கேட்டைக் கழற்றிப் போவதும் ஜன்னலில் சோப்பு பூசுவதும்தான். ‘இந்தா, இதைத் தின்றுவிட்டு ஓடிப்போ’ என்று ஊர் செய்துகொண்ட சமாதானம் இது. உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் படுத்தது, 1947ல் ரேஷன் போனதும் எழுந்தது. அப்போதும் பல வீடுகளில் கொடுத்தது பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள், சில்லறைக் காசு.

டெக்சாஸ் தாத்தா:
தம்பி, அந்தப் பாப்கார்ன் உருண்டை எங்கே போனது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. பயம் தின்றுவிட்டது. ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாயில் விஷம் என்று வருஷா வருஷம் வதந்தி. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் வைத்த விஷத்தால் பிள்ளை செத்ததாக ஒரு வழக்குகூட அவருக்கு அகப்படவில்லை. எங்கள் டெக்சாஸில் 1974ல் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தது நிஜம். கலந்தவன் பெற்ற தகப்பன், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. 1984ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. கொலை செய்தது வீட்டுக்குள் இருந்தவன். சந்தேகம் விழுந்ததோ அடுத்த வீட்டு அம்மாவின் அடுப்பு மேல். சீல் வைத்த பாக்கெட்டுக்கு அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

எடிசன்வாசி:
ஐயா, பயந்தது பெற்றோர். அதற்குக் கம்பெனியைத் திட்டி என்ன பயன்? பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. என் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது. கிளாஸ்கோ பாட்டி அன்போடு கொடுக்கும் அந்த ஒரு பிடியைத் தின்றால் அவள் ஆஸ்பத்திரியில்தான் இருப்பாள். இங்கே 2014 முதல் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குப் பதில் சின்ன பொம்மையும் உண்டு என்று அர்த்தம். இதை எந்தப் பழைய மரபும் யோசிக்கவில்லை.

கிளாஸ்கோ மருமகள்:
கடலை விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். பாட்டு விஷயத்தில் இல்லை.

கார்க் நகரத்தான்:
அயர்லாந்திலிருந்து ஒரு குரல். நீங்கள் பூசணி என்று சொன்னதும் எனக்குக் கை வலிக்கிறது. இங்கிருந்து போனவர்களுக்கு அமெரிக்காவில் பூசணி கிடைக்கும் முன், இங்கே டர்னிப் கிழங்கைத்தான் முகம் மாதிரி குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். போன வருஷம் வீம்புக்கு ஒன்று வாங்கினேன். கல் மாதிரி இருந்தது. இரண்டு ஸ்பூன் வளைந்தன, ஒன்றரை மணி நேரம் போனது. மெழுகுவர்த்தி ஏற்றியதும் மூடி கருகி, வீடெல்லாம் முட்டைக்கோஸ் தீய்ந்த நாற்றம். ஆனால் அந்த முகம் இருக்கிறதே! சுருங்கிப்போய், பல்லை இளித்துக்கொண்டு... பூசணி அதன் முன்னால் சிரித்த முகப் பாப்பா.

கம்பெனிக் கதைக்கும் வருகிறேன். பார்ம்பிராக் என்று உலர்திராட்சை போட்ட ரொட்டி இங்கே இந்தச் சீசனில் வரும். உள்ளே மோதிரம் அகப்பட்டவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது ஐதீகம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரொட்டியில் எனக்கு மோதிரம் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீட்டுக்காரி இன்னும் முறைக்கிறாள். ஜோசியத்தையும் ஃபேக்டரிதான் செய்து தருகிறது அக்கா, இங்கேயும்!

எடிசன்வாசி:
ஹாஹா. சரி, என் கட்சிக்கு எதிராக ஒன்றை நானே சொல்கிறேன். 2024ல் தீபாவளியும் அதே அக்டோபர் 31ல் வந்தது. பையன் எலும்புக்கூடு உடையில் வாசலில் நின்று, வந்தவர்களுக்கு அம்மா சுட்ட அதிரசத்தைத் தட்டோடு நீட்டினான். ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லாக் கையும் பக்கத்தில் இருந்த சாக்லேட் கூடைக்குத்தான் போனது.

கிளாஸ்கோ மருமகள்:
இதைத்தானே தம்பி முதலிலிருந்து சொல்கிறேன்?

எடிசன்வாசி:
முழுசாகச் சொல்ல விடுங்கள் அக்கா. அதிரசம் கொஞ்சம் கருகியும் இருந்தது.