ட்ரோன் தடை ஆணைகளின் நகல் தேவை

வணக்கம். முக்கியப் பிரமுகர் வருகை, திருவிழா என்றால் "ட்ரோன் பறக்கத் தடை" என்று காவல்துறையின் செய்திக்குறிப்பு வருகிறது. மத்திய அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்திலோ அந்த இடம் பச்சையாகவே, அதாவது முன் அனுமதி தேவையில்லாத பகுதியாகவே கிடக்கிறது. எதை நம்பி ட்ரோனை ஏற்றுவது?

2021 ட்ரோன் விதிகளின்படி தற்காலிகச் சிவப்பு மண்டலத்தை (ட்ரோன் பறக்கத் தடையுள்ள பகுதியை) எஸ்.பி. அல்லது அதற்கு இணையான பதவிக்குக் குறையாத அதிகாரிதான் அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு உச்சம் 96 மணி நேரம். தளத்தில் அறிவித்து வரைபடத்திலும் காட்ட வேண்டும். ஆனால் தடை பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம்) 163-ஆம் பிரிவில் (பழைய 144 தடை உத்தரவு) வந்தால் இரண்டு மாதம் வரை நீடிக்கலாம். வரைபடத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயமும் அந்தப் பிரிவில் இல்லை. சிக்கலே இங்கேதான்.

தமிழ்நாட்டில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆணைகளைத் தொகுக்கிறோம். பத்திரிகைத் துணுக்கு போதாது. ஆணை எண், தேதி, சட்டப்பிரிவு, எல்லை, நேரம் தெரியும் நகல் வேண்டும். அதே நாளில் எடுத்த வரைபட ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது. பெயர், போன் எண்களை மறைத்து அனுப்புங்கள்.

தடைக் காலத்தில் விலக்கு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யு.ஐ.என். (ட்ரோனின் பதிவு எண்), பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு தவிர வேறு என்ன கேட்டார்கள்?

விமான நிலையத்தை ஒட்டிய மஞ்சள் மண்டலக் கேள்விகள் இப்போதைக்கு வேண்டாம், அது ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதி தரும் விவகாரம். "என்னுடையது 250 கிராம் நானோ, எனக்குத் தடை இல்லை" என்பவர்களுக்கு: விலக்கு பைலட் சான்றிதழ் போன்றவற்றுக்குத்தான், சிவப்பு மண்டலத்துக்கு இல்லை.