ஆர்க்டிக் நரி: உலகப் பட்டியலில் கவலை இல்லை, நார்வேயில் அருகிய இனம். அட்டவணையில் எதைப் போடுவது?

நெய்தல்:
வணக்கம். பள்ளி நூலகச் சுவரில் ஒட்ட, நோர்டிக் நாடுகளின் காட்டுப் பாலூட்டிகள் பற்றி ஓர் அட்டவணை தயாராகிறது. பெயர், வாழிடம், காப்பு நிலை என்று மூன்று பத்தி. கடைசிப் பத்தியில்தான் சிக்கல். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் ஆர்க்டிக் நரி 'தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம்'. நார்வேயின் 2021 பட்டியலில் அதுவே 'அருகிய இனம்'. பின்லாந்திலோ 'மிக அருகிய இனம்'. ஓநாய், பழுப்புக் கரடி, லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை மூன்றுக்கும் இதே குழப்பம். இதில் எது சரி?

இன்னொன்றும் புரியவில்லை. சுவீடன் 1928இலும் நார்வே 1930இலும் இந்த நரியை வேட்டையாடத் தடை போட்டுவிட்டன. இத்தனை ஆண்டுகளாகியும் அது ஏன் மீளவில்லை?

கானாங்கோழி:
இரண்டுமே சரி. உலகப் பட்டியல் கேட்பது, இந்த இனம் பூமியிலிருந்தே மறையுமா என்று. ரஷ்யா, கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து எங்கும் பரவிக் கிடக்கும் நரிக்கு அந்த ஆபத்து இப்போது இல்லை. நாட்டுப் பட்டியல் கேட்பது, இந்த எல்லைக்குள் மறையுமா என்று. முதலில் எல்லைக்குள் இருக்கும் தொகையை மட்டும் அதே அளவுகோலால் அளப்பார்கள். இனப்பெருக்க வயதுடையவை 50க்குக் கீழே என்றால் மிக அருகிய இனம், 250க்குக் கீழே என்றால் அருகிய இனம், 1000க்குக் கீழே என்றால் அழிவாய்ப்பு இனம். அதன்பிறகு, பக்கத்து நாட்டிலிருந்து விலங்குகள் தாமாக வந்து குறையை நிரப்ப முடியுமா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஒரு படி மாற்றுவார்கள்.

நார்வேக்குள்ளேயே இரண்டு நிலை உண்டு என்பதையும் கவனியுங்கள். வடதுருவப் பக்கமுள்ள ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தைத் தனியாக மதிப்பிடுகிறார்கள். அங்கே ஆர்க்டிக் நரிக்குக் கவலை இல்லை. நவம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பொறி வைத்துப் பிடிக்கவும் அனுமதி உண்டு. அங்குள்ள நரி கடற்பறவை, வாத்து, செத்த துருவ மான், சீல் குட்டி என்று தின்று பிழைக்கிறது. போட்டிக்குச் செந்நரியும் கிடையாது.

ஓநாய், கரடி, லின்க்ஸ் விஷயம் வேறு. உலக அளவில் மூன்றுக்கும் கவலை இல்லை. நார்வேயில் ஓநாய் மிக அருகிய இனம். கரடியும் லின்க்ஸும், கூடவே கீரி இனத்தை ஒத்த ஊனுண்ணியான வால்வரினும், அருகிய இனங்கள். அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அரசியல் முடிவுதான். கோடையில் ஏறக்குறைய இருபது லட்சம் செம்மறி ஆடுகள் அங்கே மலையில் அவிழ்த்துவிடப்படுகின்றன. அதனால் ஆண்டுக்கு லின்க்ஸ் 65 குடும்பம், வால்வரின் 39 ஈற்று, கரடி 13 ஈற்று, ஓநாய் 4 முதல் 6 ஈற்று என்று நாடாளுமன்றமே இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் சுட அனுமதி தருவார்கள். இந்த விவரம் இல்லாமல் 'அருகிய இனம்' என்று மட்டும் எழுதினால், காடு அழிந்து போனதால் வந்த வினை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

எனவே கடைசிப் பத்தியை 'உலகில்', 'நாட்டில்' என்று இரண்டாகப் பிரியுங்கள். நிலையின் பக்கத்தில் மதிப்பிட்ட ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். நார்வேயின் 2015 பட்டியலில் இதே நரி மிக அருகிய இனமாக இருந்தது.

வடமுனை:
நரி ஏன் மீளவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். வேட்டை நின்றபோதே மிஞ்சியவை மிகச் சில. அவையும் ஒன்றையொன்று எட்ட முடியாத மலைகளில் சிதறிப்போயின. இந்த மலைகளில் வாழும் ஆர்க்டிக் நரி லெம்மிங் எலியை நம்பிப் பிழைப்பது. லெம்மிங் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெருகும். பெருகிய ஆண்டில் ஒரே ஈற்றில் பத்துக்கு மேலும் குட்டி போடும் நரி, லெம்மிங் இல்லாத ஆண்டில் குட்டியே போடாது. குளிர்காலம் இளகி அந்தச் சுழற்சி தடுமாறினால், இருக்கும் சில ஜோடிகளும் ஈனாமலே முதுமை அடைந்துவிடும்.

இரண்டாவது காரணம் செந்நரி. எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெப்பம் கூடக்கூட மலையேறி வந்து, வளையைப் பிடித்துக்கொள்ளும், குட்டியைக் கொல்லும். சாலையில் அடிபட்ட விலங்கும் சுற்றுலாக் குடில்களின் குப்பையும் அதை மேலே இழுத்து வருகின்றன.

2000ஆம் ஆண்டு வாக்கில் நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றிலும் சேர்த்து வளர்ந்த நரிகள் 40 முதல் 60 வரைதான் இருந்தன. இப்போது சுமார் 500. அது தானாக ஏறிய எண்ணிக்கை அல்ல. வளைக்கு அருகே நாய்த் தீவனம் நிறைத்த பெட்டிகளை வைக்கிறார்கள். அதன் குழாய் வாயிலில் ஆர்க்டிக் நரி நுழையும், செந்நரி நுழையாது. வாயில் கொஞ்சம் அகலமானாலும் போச்சு; போட்டியாளனுக்கே சோறு போட்டதாகிவிடும். கூடவே செந்நரியைச் சுடவும் வேண்டியிருக்கிறது. நார்வே 2005இல் ஒப்டால் அருகே மலையிலேயே வேலியிட்டு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே பிறந்த குட்டிகளுக்குத் தோலடியில் அடையாள மின்னணுச் சில்லு பொருத்தி, குளிர்காலத்தில் வெவ்வேறு மலைகளில் விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவற்றில் மூன்று ஆண் நரிகள் எல்லை தாண்டி சுவீடனின் ஹெலாக்ஸ் மலைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து நலிந்திருந்த கூட்டத்தில், இவற்றுக்குப் பிறந்த குட்டிகள் மற்றவற்றைவிட நன்றாகப் பிழைத்தன. பின்லாந்தில் 1996க்குப் பிறகு முதல் ஈற்று 2022இல்தான் நடந்தது.

படம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கோடையில் ஆர்க்டிக் நரி வெள்ளையாக இருக்காது. முதுகு பழுப்பு, வயிறு வெளிறல். 'நீல' வகை ஆண்டு முழுதும் கருஞ்சாம்பல்தான். வால் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது செந்நரி. காது குட்டையாக, உருண்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நெய்தல்:
மிக்க நன்றி, பத்தியைப் பிரித்துவிட்டேன். பின்லாந்தின் சைமா ஏரியில் வாழும் சீலை எங்கே சேர்ப்பது? உலகப் பட்டியலில் 'வளையச் சீல்' என்று தேடினால் கவலை இல்லை என்றே வருகிறது.

கானாங்கோழி:
அது இனத்துக்கான நிலை. சைமா சீல் ஒரு துணையினம். அதற்குத் தனி மதிப்பீடு இருக்கிறது, அருகிய இனம். பனியூழிக்குப் பின் நிலம் உயர்ந்து ஏரி அடைபட்டதால் கடலோடு தொடர்பற்றுப் போன கூட்டம் அது. பின்லாந்தில் மட்டுமே உண்டு. 1955இல் பாதுகாப்பு வந்தும் 1980களில் 150 அளவுக்கு இறங்கி, இப்போது 400ஐத் தாண்டியிருக்கிறது. குட்டிகளைக் கொன்றது பெரும்பாலும் செவுள் வலை, அதாவது மீனின் செவுள் சிக்கும்படி விரிக்கும் வலை. அதனால் அவை நீந்தப் பழகும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை சீல் வாழும் பகுதிகளில் அந்த வலைக்குத் தடை.

இப்போதைய பெரிய கவலை பனிக்குறைவு. தாய், கரையோரப் பனிக்குவியலுக்குள் பனிக்கட்டியின் அடியிலிருந்து குடைந்து சென்று, பிப்ரவரி வாக்கில் ஈனும். குவியல் இல்லாவிட்டால் குட்டி குளிரிலும் நரி வாயிலும் போகும். அதனால் 2014 முதல், பனி குறைந்த குளிர்காலங்களில், தன்னார்வலர்கள் ஏரிப் பனிக்கட்டி மேல் பனியை வாரி நீளமான குவியல்களாகக் குவிக்கிறார்கள். உள்ளறையை மனிதர் குடைய வேண்டியதில்லை. இடத்தை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துத் தீவின் கரையை ஒட்டிப் போட்டால், சீலே கீழிருந்து குடைந்துகொள்ளும்.

வடமுனை:
துருவ மானையும் சேர்க்கிறீர்கள் என்றால், அங்கே நிலை தலைகீழ்: உலகில் 'அழிவாய்ப்பு இனம்', நார்வேயில் 2021இல் 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. வடக்கின் பழங்குடிகளான சாமி மக்கள் மேய்க்கும் மந்தைகளை இதில் கலக்க வேண்டாம். நார்வேயின் தெற்கு மலைகளில் திரியும் காட்டு மந்தைகள் வேறு. 2016இல் அங்குள்ள நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில் மானின் மூளையைச் சிதைக்கும் தொற்றுநோய் ஐரோப்பாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டு, அங்கிருந்த சுமார் 2000 மான்கள் கொண்ட மந்தை முழுதும் கொல்லப்பட்டது. அட்டவணையில் இதற்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு தேவைப்படும்.